பெரிய ரவுட்டர் தேவையில்லை, இன்னொரு ரவுட்டர் தேவை

“பின் அறையில வைஃபை வரல சார், என்ன பண்றது?” அண்ணாமலை நகரில் கேட்டாலும் சிதம்பரம் மேலவீதியில் கேட்டாலும் கடலூரில் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் மாறுவதில்லை. “அது பழைய மாடல் சார். ஆறு ஆன்டெனா வச்சது வந்திருக்கு, அதப் போட்டீங்கன்னா வீடு முழுக்க எடுக்கும்” என்கிறார் கடைக்காரர். “உங்க பிளான் சின்னது. நூறுலேருந்து இருநூறுக்கு ஏத்திடலாம்” என்கிறார் இணைப்புக் கொடுத்த கேபிள்காரர். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். மூவரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர்தான். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதி உள்ள நெட்டும் போய்விடும். கம்பி இழுப்பதோ போன தலைமுறையின் வேலை.

இவர்களில் யாரும் நம்மை ஏமாற்ற நினைப்பவர்களல்ல. கடைக்காரர் தன்னிடம் இருப்பதை விற்கிறார். கேபிள்காரருக்கு அன்றைக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு உதவியதைச் சொல்கிறார். ஆனால் இந்த மூன்று ஆலோசனைகளும் சேர்ந்து நம் ஊரில் ஒரு பொது நம்பிக்கையாகவே ஊன்றிவிட்டன. அந்த நம்பிக்கை தவறு. சிக்னல் எட்டாத அறையின் பக்கத்திலேயே இன்னொரு ரவுட்டரை வைத்து, அதை வாசலில் இருக்கும் முதல் ரவுட்டரோடு கம்பியால் இணைப்பதுதான் சரியான வழி. அந்த இரண்டாவது ரவுட்டரைப் பல வீடுகளில் வாங்கக்கூட வேண்டாம். முன்பு வேறு இணைப்பு வைத்திருந்தபோது வாங்கியது பரணில் கிடக்கும்.

1929இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அண்ணாமலை நகர். இங்கே வீட்டின் கடைசி அறை என்பது யாராவது படிக்கிற அறை. ஆய்வேட்டை எழுதுகிற மாணவி, தொலைநிலைப் படிப்பில் சேர்ந்த மருமகள், இணைய வழியில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் என்று அமைதி தேவைப்படுபவர்கள் எல்லாரும் ஒதுங்குவது அங்கேதான். தொலைக்காட்சி இருக்கும் கூடத்தில் இணையம் பாய்கிறது, படிக்கிற அறையில் அறுந்து அறுந்து வருகிறது. 2020இன் ஊரடங்கில் இதை ஒவ்வொரு வீடும் அனுபவித்தது. பிள்ளைகள் மொட்டை மாடிக்கும் திண்ணைக்கும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அதற்குள் மறந்துவிட்டு, அதே பெட்டியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு பிளானை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பிளான் விவகாரத்தை முடித்துவிடலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு லேப்டாப்பை வாசல் பக்கத்து ரவுட்டரில் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். நூறு எம்பிபிஎஸ் பிளானில் தொண்ணூறுக்கு மேல் காட்டினால், வெளியிலிருந்து வரவேண்டியது வந்துவிட்டது என்று பொருள். இப்போது கம்பியைக் கழற்றிவிட்டு அதே லேப்டாப்போடு கடைசி அறைக்குப் போய் வைஃபையில் அளந்து பாருங்கள். எட்டோ பத்தோ காட்டினால், மீதி தொலைந்தது தெருவில் அல்ல, உங்கள் வீட்டுக்குள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அந்த அறையிலிருந்தே ரவுட்டரின் சொந்த முகவரிக்கு, பெரும்பாலும் அது 192.168.1.1, பிங் அனுப்பிப் பாருங்கள். அந்தச் செய்தி வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. ரவுட்டரின் பக்கத்தில் நின்றால் இரண்டு மூன்று மில்லிவிநாடியில் திரும்பி வருவது, கடைசி அறையில் நூறு இருநூறு ஆகிறது, நடுநடுவே வராமலே போகிறது என்றால், இருநூறு அல்ல, ஆயிரம் எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அது சரியாகாது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி வாசலில் வேகத்தைக் குவித்து வைப்பதால் அடுக்களைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன பயன்?

நம் வீடுகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் பழைய வீடுகள் அகலத்தில் குறுகி நீளத்தில் ஓடுபவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுவர்கள் கனத்த செங்கல் சுவர்கள். அண்ணாமலை நகரில் மாரியப்பா நகர், முத்தையா நகர்ப் பக்கத்து வீடுகள் வேறு வகை. கான்கிரீட் தளம், அதற்குள் இரும்புக் கம்பி வலை, மேலே ஒரு மாடி, அந்த மாடியில் மாணவர்கள் வாடகைக்கு. இரண்டு வகையிலும் ஃபைபர் உள்ளே வருவது தெருக் கம்பத்துக்கு மிக அருகில் இருக்கும் மூலையில். கம்பத்திலிருந்து கேபிளை இழுத்துவருபவர் எங்கே குறைந்த நீளத்தில் முடியுமோ அங்கே பெட்டியைப் பொருத்துவார். வீட்டின் நடு எது என்று அவர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும் என்று நாமும் கேட்பதில்லை. ஆக, ரேடியோ அலையை எல்லாப் பக்கமும் பரப்புகிற ஒரு கருவியை வீட்டின் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, அதில் பாதியைத் தெருவுக்குத் தானம் செய்கிறோம்.

ஆற்றல் கூடிய ரவுட்டர் இதைத் தாண்டிவிடாதா என்பதுதான் கடைக்காரர் சொல்வதன் சாரம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் இடறுகிறார்கள். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் போன் “வந்தது” என்று பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில் ரவுட்டருக்குக் கேட்காவிட்டால், செய்தி போகவில்லை என்று எடுத்துக்கொண்டு அது மறுபடி அனுப்பும். போன் கையில் இருக்கும் சின்னப் பொருள். பேட்டரியில் ஓடுவது. அது வெளியிடும் ஆற்றல் பெரும்பாலும் 100 மில்லிவாட்டுக்கும் கீழேதான். நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் போனின் அந்த ஆற்றல் ஒரு மில்லிவாட்கூட உயராது. மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறவரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். கடைசி வரிசையிலிருப்பவர் கேட்கும் கேள்வி மேடைக்குக் கேட்காது. போனில் நான்கு கோடும் நிறைந்திருக்கிறது, ஆனால் வீடியோ வகுப்பில் நம் முகம் உறைந்துபோகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. போனின் குரல் ரவுட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்பதைக் காட்ட அந்தத் திரையில் எதுவும் இல்லை.

அதோடு, ஆற்றலுக்குச் சட்டமும் வரம்பு போட்டிருக்கிறது. 2005இல் இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தபோதே, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை விரித்துத் திறந்தபோதும் வரம்பு உண்டு. அட்டைப் பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் ரவுட்டர் இந்த வரம்புக்குள்தான் நிற்க வேண்டும்.

ஆன்டெனாவைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல ஆன்டெனா அனுப்புவதற்கு எவ்வளவு உதவுகிறதோ கேட்பதற்கும் அவ்வளவு உதவும். ஆகவே கடைக்காரர் சொல்வதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆன்டெனா ஆற்றலை உற்பத்தி செய்வதில்லை, இருப்பதை ஒரு திசைக்குத் திருப்புகிறது. நேராக நிற்கும் நீளமான குச்சி ஆன்டெனா, மேலும் கீழும் போகவேண்டியதைக் குறைத்துப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் வீட்டில் அது கொஞ்சம் கைகொடுக்கும். மாடி அறைக்காகத் தவிக்கும் அண்ணாமலை நகர் வீட்டில் அது பிரச்சினையை மோசமாக்கவும் கூடும். நடுவில் இருக்கும் கான்கிரீட் தளத்தையும் பாருங்கள். அது பத்து டெசிபல் உறிஞ்சினால், இந்தப் பக்கம் வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகும். இன்னொரு சுவர் வந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். இடையில் இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆறு ஆன்டெனாவும் சேர்ந்து இந்தக் கணக்கை மாற்றிவிட முடியாது.

சிக்னல் வராத அறையால் அந்த அறைக்காரருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கிறோம். அதுவும் சரியல்ல. ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். கூடத்தில் இருக்கும் போன் 144 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப் பக்கத்து அறையில் இருக்கும் போன் சிக்னல் மெலிந்து 7.2க்கு இறங்கிவிடுகிறது. இரண்டும் அதே அளவு தரவைக் கேட்டால், பின்னது காற்றில் இருபது மடங்கு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை கூடத்து போன் காத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் “நெட் ஸ்லோ” ஆவது இதனால்தான். பழி பிளான்மேல் விழுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கூடத்து போனுக்கும் கொல்லை அறை போனுக்கும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்பதில்லை. காற்று காலியாக இருக்கிறது என்று நினைத்து இரண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும். ரவுட்டருக்கு இரண்டுமே புரியாது. இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கடமல்ல. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய குழுவும் தீவுகளை ரேடியோ வழியாக ஒரு மையக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று அதற்குப் பெயர். எவரும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற அதன் முதல் முறையில், மோதல்களைக் கழித்தால் சேனலின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்குமேல் பயன்படுத்த முடியாது என்று கணக்கே காட்டியது. அதற்குப் பிறகு வந்த வைஃபை, பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும் ஒழுக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கிற தூரத்தில் எல்லாரும் இருந்தால்தான் அந்த ஒழுக்கம் வேலை செய்யும். நூறடி வீட்டின் இரண்டு முனைகளில் அது வேலை செய்யாது.

ரிப்பீட்டர் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. ஒரே ரேடியோ கொண்ட மலிவு ரிப்பீட்டர், ரவுட்டரிடம் கேட்டதை அதே சேனலில் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை போகிறது, ஆகவே வேகம் பாதியாகிறது. அதையும் மக்கள் எங்கே சொருகுகிறார்கள்? சிக்னல் இல்லாத அறையில். சிக்னல் இல்லாத இடத்தில் அதற்கே எதுவும் கேட்காது. கேட்காததை எப்படித் திரும்பச் சொல்லும்? போனில் கோடுகள் நிறைந்துவிடுகின்றன, வேகம் மட்டும் வருவதில்லை. கோட்டைப் பார்த்து மனநிறைவடைந்துவிடுகிறோம். இப்போது ‘மெஷ்’ என்று விற்பவை இதைவிடப் பல படி மேல், மறுக்கவில்லை. தமக்குள் பேசிக்கொள்ள இன்னொரு ரேடியோ வைத்திருப்பவையும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டிகளும் தமக்குள் பேசிக்கொள்வது அதே செங்கல் சுவரைத் துளைத்துத்தான். அவற்றில் பலவற்றின் பின்னாலும் கம்பி சொருக ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் கம்பியைச் சொருகினால் அவை மிக நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று பெட்டிகளுக்குக் கொடுக்கும் விலையைச் சுவர் தின்றுகொண்டிருக்க, அந்த ஓட்டை காலியாகவே கிடக்கிறது.

கம்பியில்லாக் காலத்தில் கம்பியா என்பவர்கள், தங்கள் செல்போன் கோபுரத்தின் அடியில் போய்ப் பார்க்கட்டும். நகரத்துக் கோபுரங்கள் பலவற்றுக்கு இப்போது தரவைக் கொண்டுவருவது ஃபைபர். பெரிய அலுவலகத்தின் கூரையில், ரயில் நிலையத்தில், மருத்துவமனையில் தொங்கும் ஒவ்வொரு வைஃபை பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கேபிள் போகிறது. கம்பியில்லாமல் போவது கடைசிச் சில அடிகள் மட்டும். தொழிலாகச் செய்கிறவர்கள் எல்லாரும் கடைப்பிடிக்கும் இந்த முறை நம் வீட்டுக்கு மட்டும் எப்படிப் பழசாகும்?

அப்படியென்றால் இரண்டு ரவுட்டர் மோதிக்கொள்ளும் என்ற பயம்? மோதல் உண்மையில் நடப்பதுதான். பயம் வெறும் கற்பனை என்று சொல்லி நழுவக் கூடாது. ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் கதவாக நிற்கிறது. வீட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குகிறது. அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். கம்பிகளை ஒன்றுசேர்க்கும் சுவிட்சாகவும் இருக்கிறது. வைஃபை பரப்புகிறது. பரணில் இருந்த பெட்டியை அப்படியே எடுத்துக் கம்பியைச் சொருகினால் இந்த நான்கு வேலைகளையும் அதுவும் செய்யத் தொடங்கும். இரண்டு பெட்டியும் தன்னை 192.168.1.1 என்று சொல்லும், இரண்டும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும், வீடு முழுக்க நெட் நின்றுபோகும். கேபிள்காரர் வந்து இரண்டாவதைக் கழற்றி வைத்துவிட்டு, “சொன்னேன்ல சார்” என்பார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. இரண்டாவது பெட்டியிடம் நமக்கு வேண்டியது சுவிட்ச் வேலையும் வைஃபை வேலையும் மட்டும். மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டால் மோதுவதற்கு எதுவுமில்லை.

அதற்கு வழி இது. இரண்டாவது ரவுட்டரை எதனோடும் இணைக்காமல், லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் சொருகி அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே, ஆனால் முதல் ரவுட்டர் பிறருக்கு வழங்கும் எண்களுக்கு வெளியே இருக்கும்படி மாற்ற வேண்டும். முதலாவது 100லிருந்து 200 வரை வழங்குகிறது என்றால் இரண்டாவதுக்கு 192.168.1.2 வைக்கலாம். இரண்டிலிருந்தே வழங்கத் தொடங்கும் பெட்டிகளும் உண்டு. அதனால் முதலாவதன் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கேபிள்காரர் தரும் சில பெட்டிகள் 192.168.100.1 போன்ற வேறு வரிசையில் இருப்பதும் அப்போது தெரிந்துவிடும். பிறகு இரண்டாவதில் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் முதலாவதில் உள்ளபடியே. சேனல் மட்டும் வேறு. 2.4இல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். முதலாவது 1 என்றால் இரண்டாவதுக்கு 6 அல்லது 11, பக்கத்து வீட்டார் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்து. கடைசியாக, முதலாவதன் லேன் போர்ட்டிலிருந்து வரும் கம்பியை இரண்டாவதன் லேன் போர்ட்டில் சொருக வேண்டும். நிறம் மாறித் தனியாக நிற்கும் வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று ஒரு தேர்வே இருக்கிறது. அதைத் தொட்டால் இவை எல்லாம் தானே நடந்துவிடும், அப்போது வேன் போர்ட்டையே பயன்படுத்தலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: “ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்” என்று இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு கம்பி போட்டுவிடாதீர்கள். செய்தி வட்டமடித்துப் பெருகி வீட்டு வலையமைப்பையே அடைத்துவிடும்.

ஆற்றலைக் கூட்டச் சொல்பவர்களுக்கு நேர் எதிரான ஒரு யோசனையும் இங்கே உண்டு. இரண்டு ரவுட்டரும் வந்தபின் இரண்டின் ஆற்றலையும் குறைக்க வேண்டும். நடந்துபோகும்போது எந்த ரவுட்டரைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது போன். ஐபோன்கள் −70 டிபிஎம் என்ற அளவுக்குக் கீழே சிக்னல் விழுந்தால்தான் வேறொன்றைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. வாசல் ரவுட்டர் உரக்கக் கத்திக்கொண்டிருந்தால், கொல்லைக்குப் போன பிறகும் போன் அதையே பிடித்துத் தொங்கும், தலைக்குமேல் இருக்கும் இரண்டாவதை ஏறெடுத்தும் பார்க்காது. அமைப்புப் பக்கத்தில் ஆற்றலை நடுத்தரம் அல்லது குறைவு என்று வைத்தால் போன் நேரத்தோடு மாறிக்கொள்ளும். பக்கத்து வீடுகளுக்கும் காற்று மிஞ்சும். நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் சந்தில் ஒவ்வொருவரும் இதைச் செய்தால் எல்லாருக்குமே வேகம் கூடும்.

கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. கேட் 5இ கேபிளே போதும், நூறு மீட்டர் வரை ஆயிரம் எம்பிபிஎஸ் கொண்டுபோகும். கேட் 6 கிடைத்தால் நல்லது. நூறு மீட்டர் என்பது 328 அடி. நம் ஊரில் எவ்வளவு நீண்ட வீட்டுக்கும் தாராளம். கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்கிறார்கள். கத்தியால் இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அது மடித்தால் ஒடியும், தூரம் போனால் திணறும், சில மழைக்காலம் தாண்டினால் முனையில் பிடிப்பு விட்டுவிடும். முழுச் செம்பு வாங்குங்கள். ஆர்ஜே-45 முனையைக் கிரிம்ப் செய்யும்போது எட்டு இழைகளும் இரண்டு பக்கமும் ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மின்கம்பி போகும் பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. சுவரை உடைக்க வேண்டுமே என்று தயங்குபவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும். பழைய கேபிள் டிவி கம்பி அறை அறையாக எப்படிப் போகிறதோ அதே ஓட்டைகள் வழியாக, அதே வென்டிலேட்டர் வழியாக இதுவும் போகும். மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்பும் அடாப்டரைச் சிலர் சொல்வார்கள். மூன்று பேஸ் இணைப்பும் தனி இன்வெர்ட்டர் லைனும் உள்ள நம் வீடுகளில், ஒரு பேஸில் போட்டது மறு பேஸில் சரியாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இன்வெர்ட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது: இரண்டாவது ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் போனதும் கடைசி அறை மறுபடி இருண்டுவிடும்.

மாடியில் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஒரு ரவுட்டர் வைத்து அதன் வேன் போர்ட்டில் கம்பி கொடுத்துவிட்டால் அவர்கள் வலை வேறு, நம் வலை வேறு என்று நினைத்துக்கொள்கிறோம். கதவு ஒரு பக்கம்தான் பூட்டும். கீழே இருக்கும் நமக்கு மேலே இருப்பவரின் கருவிகள் தெரியாது. மேலே இருப்பவருக்கு நம் பிரின்டரும் கேமராவும் எட்டும், ஏனென்றால் அவருடைய தரவு நம் வலையைக் கடந்துதான் வெளியே போகிறது. உண்மையாகவே பிரிக்க வேண்டுமானால் மூன்று ரவுட்டர் வேண்டும்: வெளியிலிருந்து வருவதை வாங்க ஒன்று, அதிலிருந்து கிளையாகப் பிரிந்து நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. ‘ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர்’ என்ற விதி இங்கே முழுசாக உடைகிறது. ஆனாலும் என் சொந்தக் கருத்து, வாடகைதாரருக்குத் தனி இணைப்பே நல்லது என்பதுதான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் எந்த விசாரணையும் முதலில் வரும். சேவை ஒப்பந்தங்களும் பொதுவாக மறுவிற்பனையை அனுமதிப்பதில்லை. பலருக்கு வைஃபை வழங்கித் தொழிலாகச் செய்ய விரும்புபவர்களுக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வானி திட்டம் இருக்கிறது. அது முறையான வழி.

கொல்லையில் தனிக்கட்டடம் இருந்தால் மட்டும் நான் செம்புக் கம்பிக்கு எதிரி. ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும் கடற்கரை மாவட்டம் இது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளியில் தொங்கும் செம்பு, பக்கத்தில் விழும் மின்னலின் வீச்சை உள்ளே இழுத்து இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடும். அந்த இடத்துக்கு ஃபைபர்தான், இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்து. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் பாயாது. ஆனால் சில டிராப் கேபிளில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி கூடவே வரும். அது இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ புயல் கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு, கம்பத்துக்குக் கம்பம் தொங்குவது எதுவும் நிரந்தரமல்ல என்று சொல்லத் தேவையில்லை. முடிந்தால் மண்ணுக்கடியில் பைப்பில் போடுங்கள்.

என் வாதம் செல்லாத வீடுகளும் உண்டு. ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடு, ஆறு மாதத்தில் காலி செய்யப் போகிறவர்கள், ஒரே படுக்கையறை கொண்ட சின்ன அடுக்ககம். முதல் இரண்டுக்கு நல்ல மெஷ் பெட்டிகளே போதும். மூன்றாவதில் ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தினாலே வேலை முடியும். அந்த விதிவிலக்குகளை வைத்துச் சொந்த வீட்டுக்காரர்களுக்கும் அதே ஆலோசனையைச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செலவு மிகக் குறைவு. கூரை கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கும்போது, மின்சாரத்துக்குப் போடும் பைப்பைத் தவிர 25 மில்லிமீட்டர் பைப் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். ஃபைபர் நுழையும் வாசல் மூலையிலிருந்து கூடத்தின் நடுக் கூரைக்கு ஒன்று, கடைசிப் படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. வளைவுகள் கூர்மையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இழுவைக் கம்பியை விட்டு, இரண்டு முனையையும் சிமென்ட் புகாமல் அடைத்துவிடச் சொல்லுங்கள். கேபிளைக் குடிபோன பிறகு இழுத்துக்கொள்ளலாம்.